சிசிலியில் எட்டுப் பேர்: இரண்டு காரா, ஒரே வேனா, ரயிலா?

எட்டுப் பேர் சேர்ந்து சிசிலிக்குப் போவதென்று முடிவாகி, விமான டிக்கெட்டும் போட்டாயிற்று. அதன்பிறகு வாட்ஸ்அப் குழுவில் ஓயாமல் ஓடுவது ஒரே கேள்விதான்: அங்கே எதில் சுற்றுவது? ஒன்பது இருக்கை வேன் எடுத்தால் எல்லோரும் ஒன்றாகவே போகலாம் என்பார் ஒருவர். அவ்வளவு பெரிய வண்டியை யார் ஓட்டுவது, இரண்டு கார் போதும் என்பார் இன்னொருவர். ஐரோப்பாவில்தான் ரயில் இருக்கிறதே என்பார் மூன்றாமவர். டிரைவரோடு வண்டி வைத்துவிட்டால் தலைவலியே இல்லை என்பார் நான்காமவர்.

நால்வர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் பெரும்பாலான குழுக்கள் ஒரு நாள் வாடகையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கின்றன. முழுக் கணக்கும் போட்டால், டிரைவரோடு வண்டி தவிர மற்றவற்றில் தலைக்கு ஆகும் செலவில் பெரிய வித்தியாசம் வருவதில்லை. யாரால் ஓட்ட முடியும், குழு ஒரு நாளில் எத்தனை முறை பிரிய வேண்டியிருக்கும் என்ற இரண்டு விஷயங்களில்தான் பயணம் நன்றாக அமைவதும் கசந்து போவதும் இருக்கிறது.

இத்தாலியைச் சேர்ந்த சிசிலி மத்தியதரைக் கடலிலேயே பெரிய தீவு, பரப்பு ஏறக்குறைய 25,700 சதுர கி.மீ. பலேர்மோவில் இறங்கி, திராப்பனி, அக்ரிஜெந்தோ, ரகூசா, சிராக்கூசா, எத்னா எரிமலை, தவோர்மீனா என்று சுற்றிக் கத்தானியாவில் விமானம் ஏறினால், குறுக்குச் சுற்றுகளையும் சேர்த்து 900 கி.மீ. அளவில் வரும். தூரத்தைப் பார்த்து நேரத்தைக் கணிக்க வேண்டாம். பலேர்மோவிலிருந்து கத்தானியாவுக்கு ஏ19 நெடுஞ்சாலையில் சுமார் 200 கி.மீ., இரண்டரை மணி நேரம். தெற்குக் கரையில் அக்ரிஜெந்தோவிலிருந்து சிராக்கூசாவுக்கும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். அங்கே எஸ்.எஸ்.115 என்னும் ஒற்றைச் சாலை ஊர் ஊராக நுழைந்து போவதால் மூன்றரை மணி நேரம் பிடிக்கும்.

கீழே வரும் ஒப்பீடு எல்லாமே எட்டுப் பேர், ஒன்பது நாள், ஜூன் அல்லது செப்டம்பர், பலேர்மோவில் தொடக்கம், கத்தானியாவில் முடிவு என்ற கணக்கில். ஆகஸ்ட் என்றால், அதுவும் 15-ஆம் தேதி ஃபெர்ராகோஸ்தோ விடுமுறையை ஒட்டி என்றால், வாடகை எங்கேயோ போய்விடும்.

## முதலில் அளவுகோல்கள்

ஓட்டுபவர்கள். லைசென்ஸ் இருப்பவர்களை எண்ண வேண்டாம். வலப்பக்கச் சாலையில், கியர் வண்டியை, மலைச் சரிவில் நிறுத்தி எடுக்கத் தெரிந்தவர்களை மட்டும் எண்ணுங்கள். இத்தாலியில் வாடகை வண்டி என்றால் இன்றும் பெரும்பாலும் கியர் வண்டிதான். ஆட்டோமேட்டிக் கேட்டால் விலை கூடும், வேனில் கிடைப்பதும் அரிது. இந்திய லைசென்ஸ் இருப்பவர் ஆர்.டி.ஓ.வில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். இலங்கையில் இருப்பவர் சிலோன் ஆட்டோமொபைல் சங்கத்தில் பெறலாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் லைசென்ஸ் இருப்பவருக்கு இது தேவையில்லை. அனுமதிப் புத்தகத்தோடு மூல லைசென்ஸையும் கவுன்டரில் காட்ட வேண்டும். ஒன்றை மட்டும் கொண்டுபோனால் வண்டி தர மாட்டார்கள்.

டெபாசிட். முதன்மை ஓட்டுநரின் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டில் தொகையை முடக்கி வைப்பார்கள். ஃபாரெக்ஸ் கார்டையும் டெபிட் கார்டையும் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்பதில்லை. ஓட்டத் தெரிந்தவர் ஒருவர், கிரெடிட் கார்டு வைத்திருப்பவர் இன்னொருவர் என்றால் கவுன்டரிலேயே காரியம் கெடும். முன்பணம் கட்டியிருந்தால் அதுவும் திரும்பாது.

பெட்டிகள். எட்டுப் பேருக்கு எட்டுப் பெரிய பெட்டியா, எட்டு முதுகுப் பையா? இதற்கு விடை தெரியாமல் வண்டியைத் தேர்வு செய்வதில் பொருளில்லை.

பிரியும் தேவை. ஒருவருக்குக் கடற்கரை, ஒருவருக்குக் கிரேக்கக் கோயில் இடிபாடு, ஒருவருக்கு மதியம் இரண்டு மணி நேரத் தூக்கம். இப்படிப்பட்ட குழுவா, எங்கே போனாலும் சேர்ந்தே போகும் குழுவா?

போகும் இடங்கள். பலேர்மோ, செஃபாலு, கத்தானியா, சிராக்கூசா போன்ற ஊர்களில் கார் சுமை. செலினுந்தேயின் கிரேக்கக் கோயில் இடிபாடுகள், பியாத்சா அர்மெரீனா, சிங்காரோ இயற்கைக் காப்பகம் போன்ற இடங்களில் கார் இல்லாமல் முடியாது.

நட்டம் யார் தலையில். கீறல், அபராதம், காப்பீட்டில் சேராத பங்கு. பயணம் முடிந்து மூன்று மாதம் கழித்து வரும் அபராதக் கடிதத்துக்கு யார் பணம் கட்டுவது என்பதைக் கிளம்பும் முன்பே பேசி வைக்க வேண்டும்.

## ஒன்பது இருக்கை வேன்

நண்பர்கள் குழு முதலில் நினைப்பது இதைத்தான். ஒரே வண்டி, ஒரே பாட்டு, ஒருவர் மட்டும் கண் விழித்தால் போதும். இரவு உணவில் எத்னா ஒயின் குடிக்காமல் இருக்க வேண்டியவரும் ஒருவரே. இத்தாலியில் ஓட்டுபவரின் ரத்தத்தில் மதுவுக்கான வரம்பு லிட்டருக்கு 0.5 கிராம், லைசென்ஸ் எடுத்து மூன்று ஆண்டு ஆகாதவருக்குப் பூஜ்யம். வேனுக்குச் சாதகமாகச் சொல்ல இது உண்மையான காரணம்.

ஒன்பது இருக்கை என்றால் ஓட்டுபவரையும் சேர்த்து ஒன்பது. சாதாரண கார் லைசென்ஸில் அதற்கு மேல் ஓட்ட முடியாது. குழு பத்துப் பேராகிவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும்.

சிக்கல் வண்டியின் அளவில் தொடங்குகிறது. ரெனோ டிராஃபிக், ஓப்பல் விவாரோ, ஃபோர்டு டிரான்சிட் கஸ்டம் போன்றவைதான் இந்த வகையில் கிடைக்கும். ஏறக்குறைய 5 மீட்டர் நீளத்தில் ஒன்றும், 5.3 முதல் 5.5 மீட்டரில் ஒன்றுமாக இரண்டு நீளம் உண்டு. குட்டை வண்டியில் ஒன்பது இருக்கையையும் வைத்த பிறகு பின்னால் மிஞ்சுவது சுமார் 1,000 லிட்டர் இடம். நீள வண்டியில் சுமார் 1,800. ஒரு பெரிய பெட்டி 90 முதல் 100 லிட்டர். கணக்குப்படி குட்டை வண்டியில் எட்டுப் பெட்டி கொள்ளும் போலத் தோன்றும். அது கூரைவரை அடுக்கினால்தான். அடுக்கிவிட்டால் பின்கண்ணாடி மறைந்துவிடும், திடீரென்று பிரேக் அடித்தால் மேல்பெட்டி கடைசி வரிசையில் இருப்பவர் கழுத்தில் வந்து விழும். முன்பதிவுப் பக்கத்தில் ‘அல்லது இதுபோன்ற வண்டி’ என்றுதான் போட்டிருக்கும். ஆகவே நீள வண்டிதானா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெட்டி சிறியதாக இருந்தால் இந்தக் கவலை இல்லை.

உயரமும் பார்க்க வேண்டும். டிராஃபிக் வகை 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பல மூடிய பார்க்கிங் நுழைவாயில்களில் மயிரிழையில் நுழையும். ஃபியட் டுக்காட்டோ வகையைக் கொடுத்துவிட்டால் நுழையவே நுழையாது, திறந்தவெளிப் பார்க்கிங்தான் தேட வேண்டும். அகலம் பக்கக் கண்ணாடிகளோடு 2.2 மீட்டரைத் தாண்டும். ரகூசா இப்லா, மோதிகா, எரிச்சே ஆகிய ஊர்களின் உள்தெருக்களில் வரைபடச் செயலி இந்த அகலத்தை அறியாமல் வழி சொல்லும். ஒரு திருப்பத்தில் வண்டி பாதி திரும்பி நிற்க, முன்னால் படிக்கட்டு, பின்னால் ஐந்து கார் ஹாரன் அடிக்கும்: வேன் எடுத்த குழுக்கள் சொல்லும் கதை பெரும்பாலும் இதுதான். தப்பிக்க எளிய வழி உண்டு. செயலியில் விடுதியின் முகவரியைப் போடாதீர்கள். ஊருக்கு வெளியே உள்ள பார்க்கிங்கின் பெயரைப் போடுங்கள். அங்கிருந்து நடை அல்லது டாக்சி.

மறைமுகச் செலவுகள்: பல நிறுவனங்கள் வேன் ஓட்ட 25 வயதும் சில ஆண்டு லைசென்ஸ் அனுபவமும் கேட்கின்றன. காருக்கு இல்லாத தினசரி கி.மீ. வரம்பு வேனுக்கு இருக்கலாம். காப்பீட்டில் நாம் ஏற்கவேண்டிய பங்கும் டெபாசிட்டும் காரைவிடப் பெரிது, அதுவும் ஒரே ஆளின் கார்டில்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விலை, எட்டுப் பேரும் ஒரே கடிகாரத்தில் நகர வேண்டியிருப்பது. காலை ஒன்பது மணிக்குக் கிளம்புவதென்றால், கடைசியாகக் குளிப்பவர் வரும்வரை ஏழு பேர் வண்டியில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவருக்கு வயிறு சரியில்லை என்றால் அவரை விடுதியில் விட்டுப் போகலாமா என்பதே ஒரு மணி நேரப் பேச்சாகிவிடும். நான்காம் நாளில் முகம் சுளிப்பது இதனால்தான், வண்டியால் அல்ல.

எப்போது இதுவே சரி: நன்றாக ஓட்டத் தெரிந்தவர் இருவர் மட்டும் இருந்து, அவர்களில் ஒருவராவது வேனோ பெரிய வண்டியோ ஓட்டிப் பழகியவராக இருந்தால். குழு ஆறு, ஏழு பேராகவும் பெட்டிகள் சிறியனவாகவும் இருந்தால். நோத்தோவுக்கு அருகே ஒரு பண்ணை வீட்டில் ஐந்து நாள் தங்கி, அங்கிருந்தே போய்வரும் திட்டமென்றால் வேன் மிகப் பொருத்தம். முற்றத்தில் நிறுத்த இடமும் இருக்கும்.

## இரண்டு கார்

தேர்வு செய்ய வேண்டியது பின்பகுதி நீண்ட ஸ்டேஷன் வேகன் வகை. ஃபியட் டிப்போ, ஸ்கோடா ஆக்டேவியா போன்றவற்றில் 550 முதல் 640 லிட்டர் டிக்கி உண்டு. நான்கு பேரின் பெட்டிகள் ஒழுங்காக அடங்கும். மலிவாக இருக்கிறதென்று பாண்டா எடுத்தால் 225 லிட்டர். ஒரு பெரிய பெட்டி, இரண்டு கைப்பை, அதோடு முடிந்தது.

காருக்கு இருவர் வீதம் நான்கு ஓட்டுநர் இருந்தால் அருமை, மூவர் இருந்தாலும் போதும். இருவர் மட்டும் என்றால் யோசிக்க வேண்டும். வண்டி ஓடும் ஏழு நாளும் அந்த இருவருக்கும் ஓய்வில்லை, இரவில் ஒயினும் இல்லை.

லாபம் தெளிவானது. எத்னாவுக்குப் போகும் நாளில் நான்கு பேர் மேலே போக, மற்ற நால்வர் கடற்கரையில் இருக்கலாம். பழைய ஊர்களில் நிறுத்த இடம் கிடைப்பது எளிது. ஒரு வண்டி பழுதானாலும் பயணம் நிற்காது. டெபாசிட் இரண்டு கார்டுகளில் பிரிந்துவிடும்.

நேரும் தவறு ஒன்று உண்டு: ஒன்றன்பின் ஒன்றாகவே போக முயல்வது. பலேர்மோ ரவுண்டானாவில் முன்னால் போகும் காரைப் பிடிக்க வேண்டுமென்று பின்னால் வருபவர் சிவப்பில் பாய்வதும், முன்னவர் திடீரென்று ஓரம் கட்டிக் காத்திருப்பதும்தான் உரசலுக்குக் காரணம். இரண்டு காரும் தனித்தனியாகவே போகட்டும். இன்ன பார்க்கிங்கில் சந்திப்போம் என்று இடத்தின் பெயரைச் சொல்லி வைத்தால் போதும். ஒவ்வொரு காரிலும் டேட்டா உள்ள சிம் ஒன்று, சார்ஜர் ஒன்று, 10 யூரோ அளவுக்குச் சில்லறை இருக்கட்டும்.

சுங்கச்சாவடியில் மஞ்சள் நிற டெலிபாஸ் வரிசைக்குள் (தானாகச் சுங்கம் கட்டும் கருவி பொருத்திய வண்டிகளுக்கானது) போகக்கூடாது. தப்பித்தவறிப் போய்விட்டால் பின்னால் எடுக்கவே எடுக்காதீர்கள். உதவிப் பொத்தானை அழுத்துங்கள், ஒரு சீட்டு வரும், பதினைந்து நாளுக்குள் கட்டலாம். சிசிலியில் சுங்கம் உள்ளது மெஸ்ஸீனாவிலிருந்து பிரியும் ஏ18, ஏ20 சாலைகளில் மட்டும். மேற்கே போகும் ஏ29-ம் நடுவே போகும் ஏ19-ம் இலவசம்.

எப்போது இதுவே சரி: மூன்று ஓட்டுநருக்குக் குறையாமல் இருந்து, குழுவின் விருப்பங்கள் பல திசையில் இழுக்கும்போது. எட்டுப் பேர் என்றால் பெரும்பாலும் அப்படித்தான்.

## வேனுக்கும் காருக்கும் பொதுவான பள்ளம்: கேமரா வளையம்

இத்தாலிய நகரங்களின் பழைய பகுதிகளில் ‘சோனா அ த்ராஃபிக்கோ லிமித்தாத்தோ’ என்ற கட்டுப்பாடு இருக்கிறது, அதாவது அனுமதி இல்லாத வண்டிகள் நுழையக்கூடாத பகுதி. பலகையில் ZTL என்ற மூன்றெழுத்துச் சுருக்கமும் சிவப்பு வட்டமும் இருக்கும். பலேர்மோ, கத்தானியா, சிராக்கூசாவின் ஓர்தீஜா தீவு ஆகியவற்றில் இது உண்டு. தடுப்புக் கம்பி இராது, போலீஸ்காரரும் இரார். கேமரா நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். நுழைவு விளக்குப் பலகையில் ‘வார்கோ அத்தீவோ’ என்று எரிந்தால் கேமரா வேலை செய்கிறது, நுழையக்கூடாது. அதைத் ‘திறந்திருக்கிறது’ என்று புரிந்துகொண்டு உள்ளே போனவர்கள் ஏராளம்.

அபராதம் ஒவ்வொரு நுழைவுக்கும் 80 யூரோவைத் தாண்டும். பார்க்கிங் தேடி மூன்று சுற்றுச் சுற்றினால் மூன்று அபராதம். அதற்கு முன்பே, உங்கள் முகவரியை அதிகாரிகளுக்குக் கொடுத்ததற்காக வாடகை நிறுவனம் 40, 50 யூரோ கார்டில் பிடித்துவிடும். அது அபராதம் அல்ல, வெறும் நிர்வாகக் கட்டணம். அபராதக் கடிதம் மாதங்கள் கழித்து வரும்.

விடுதி அந்த வளையத்துக்குள் இருந்தால், வண்டி எண்ணை விடுதிக்காரரிடம் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லலாம். சில விடுதிகள் செய்யும், சில செய்யா. எழுத்தில் உறுதி வராமல் நுழைய வேண்டாம். ஓர்தீஜாவுக்குத் தலேத்தே பார்க்கிங், தவோர்மீனாவுக்கு லும்பி பார்க்கிங் என்று முன்பே குறித்து வைப்பது நல்லது. லும்பியிலிருந்து ஊருக்குள் ஷட்டில் பேருந்து உண்டு.

தெருவில் நிறுத்தினால் நீலக் கோடு கட்டணம், வெள்ளை இலவசம், மஞ்சள் நமக்கில்லை. பலேர்மோவிலும் கத்தானியாவிலும் யாரோ ஒருவர் கைகாட்டி இடம் காண்பித்துவிட்டு ஒன்றிரண்டு யூரோ கேட்பார். அது அதிகாரபூர்வம் அல்ல. கட்டணக் கோட்டில் நின்றால் மெஷினில் தனியாகக் கட்டியே தீர வேண்டும்.

அபராதத்தைப் பங்கிடுவது பற்றி: கேமரா வளையமும் பார்க்கிங்கும் பொதுநிதியிலிருந்து கட்டப்பட வேண்டும், ஏனென்றால் வழி சொன்னவர் பக்கத்து இருக்கையில்தான் இருந்தார். வேகத்துக்கான அபராதம் மட்டும் ஓட்டியவருக்கு. நெடுஞ்சாலையில் 130, ஊருக்கு வெளியே சாதாரணச் சாலையில் 90, ஊருக்குள் 50 என்று வரம்பு தெரிந்ததுதானே.

## ரயிலும் பேருந்தும்

சில தடங்களில் ரயில் காரை வென்றுவிடும். பலேர்மோவிலிருந்து செஃபாலு ஒரு மணி நேரத்துக்குள். பலேர்மோவிலிருந்து அக்ரிஜெந்தோ சுமார் இரண்டு மணி நேரம். கத்தானியாவிலிருந்து சிராக்கூசா ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். இவை வட்டார ரயில்கள். முன்பதிவு வேண்டாம், விலை நிலையானது, கடைசி நாளில் வாங்கினாலும் அதே விலை. காகித டிக்கெட்டை ஏறும் முன் நிலையத்து மெஷினில் முத்திரையிட மறந்தால் அபராதம். இருக்கை எண் கிடையாது, எட்டுப் பேரும் மூட்டை முடிச்சுகளோடு ரயில் பெட்டிக்கொருவராகப் பிரிந்துதான் உட்கார நேரும்.

வரைபடத்தில் ஒழுங்காகத் தெரிந்தாலும் தீவைச் சுற்றி முழு ரயில் வளையம் இல்லை. அக்ரிஜெந்தோவிலிருந்து மேற்கே தெற்குக் கரையோரமாகச் செலினுந்தே பக்கம் போன குறுகிய அகல ரயில் பாதை 1986-க்குள் முழுவதும் மூடப்பட்டுவிட்டது. அக்ரிஜெந்தோவிலிருந்து சிராக்கூசாவுக்குப் போக, பேருந்தில் கத்தானியா வந்து ரயில் மாறுவதுதான் நடைமுறை. அரை நாள் போய்விடும். ரோமானிய மொசைக் தரைகளுக்குப் பேர்போன வில்லா ரோமானா தெல் கசாலே, பியாத்சா அர்மெரீனா ஊரிலிருந்தும் ஐந்து கி.மீ. தள்ளி இருக்கிறது, ரயில் அந்த ஊருக்கே கிடையாது. தவோர்மீனா நிலையம் கடற்கரையில், ஊரோ 200 மீட்டர் உயரத்தில். அக்ரிஜெந்தோ நிலையம் மேட்டில், பழைய கிரேக்கக் கோயில்கள் நிற்கும் ‘கோயில் பள்ளத்தாக்கு’ கீழே. நகரப் பேருந்து உண்டு.

எத்னாவுக்குக் கத்தானியா ரயில் நிலையத்து முன்பிருந்து காலையில் ஒரே ஒரு பேருந்து, சுமார் 1,900 மீட்டர் உயரத்திலுள்ள ரிஃபூஜோ சபியென்சாவுக்குப் போய், மாலையில் ஒருமுறை திரும்பும். அதற்கு மேலே கேபிள் கார் 2,500 மீட்டர்வரை. பருவ காலத்தில் எட்டு இருக்கை ஒரே பேருந்தில் கிடைக்க வேண்டுமென்றால் அரை மணி முன்பே நிற்க வேண்டும். மாலைப் பேருந்தைத் தவறவிட்டால் இரண்டு டாக்சிக்கு அழ வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை இந்த வழியின் எதிரி. பேருந்துகள் பாதிக்கு மேல் குறைந்துவிடும், நோத்தோ, மோதிகா, ரகூசா தடத்தில் ரயிலை நம்ப முடியாது. ஊர் மாறும் நாள் ஞாயிறாக வராமல் திட்டமிடுங்கள். வேலைநிறுத்தம் முன்பே அறிவிக்கப்படும். வேலை நாளில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 ஆகிய நேரங்களில் குறிப்பிட்ட வட்டார ரயில்கள் கட்டாயம் ஓடும்.

எட்டுப் பேருக்கே உரிய செலவு டாக்சி. எப்போதும் இரண்டு வேண்டும். சிறிய ஊரில் இரண்டாவது இராது. இன்னொன்று பெட்டி. ஊர் மாறும் நாளில் வழியில் எதையும் பார்க்க முடியாது, பொருள் வைக்கும் வசதி பல நிலையங்களில் இல்லை.

எப்போது இதுவே சரி: யாருக்கும் ஓட்டுவதில் விருப்பமில்லை என்றால். பலேர்மோவில் நான்கு நாள், சிராக்கூசாவில் நான்கு நாள் என்று இரண்டே இடத்தில் தங்கி, பகலில் மட்டும் போய்வருவதென்றால். அப்போது தலைக்கு 100 யூரோவுக்குள் கூட முடிக்கலாம்.

## டிரைவரோடு வேன்

நாளொன்றுக்கு எட்டு அல்லது பத்து மணி நேரம் என்று பேசுவார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் தனிக் கட்டணம். டிரைவர் வெளியூரில் தங்கினால் அறையும் சாப்பாடும் நம் பொறுப்பு. அவர் ஊருக்குத் திரும்பும் வெறும் ஓட்டத்தையும் விலையில் சேர்ப்பார்கள். இரவு உணவுக்கு வண்டி இருக்காது. எட்டுப் பேர்வரை ஒரே வேன், ஒன்பதாவது ஆள் சேர்ந்தால் மினி பஸ், விலை தாவும்.

முழுப் பயணத்துக்கும் இது தேவையில்லை. மூத்தவர்கள் உள்ள குழுவுக்கும், அக்ரிஜெந்தோவிலிருந்து பியாத்சா அர்மெரீனா வழியாகச் சிராக்கூசா போன்ற ஒரு கடினமான நாளுக்கும் எடுத்தால் பணத்துக்கு மதிப்பு உண்டு.

## கணக்கு

அடிப்படை விலைகள் ஊகம்தான். உங்களுக்குக் கிடைக்கும் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். கார் நாளுக்கு 45 யூரோ, வேன் 130, முழுக் காப்பீடு காருக்கு 20, வேனுக்கு 30, கூடுதல் ஓட்டுநர் 10, எரிபொருள் லிட்டர் 1.75, பார்க்கிங் இரவுக்குக் கார் 15, வேன் 20, டிரைவரோடு வேன் நாளுக்கு 500. கலவை என்ற பத்தி என்ன என்பது அட்டவணைக்குக் கீழே.

| எட்டுப் பேருக்கு (யூரோ) | இரண்டு கார், 7 நாள் | வேன், 7 நாள் | ரயில், பேருந்து | டிரைவரோடு, 5 நாள் | கலவை |
|---|---|---|---|---|---|
| வாடகை | 630 | 910 | – | 2,500 | 450 |
| காப்பீடு | 280 | 210 | – | – | 200 |
| கூடுதல் ஓட்டுநர் | 140 | 70 | – | – | 100 |
| எரிபொருள் | 205 | 135 | – | சேர்ந்தது | 160 |
| பார்க்கிங், சுங்கம் | 220 | 145 | – | சேர்ந்தது | 120 |
| வேறு ஊரில் விடுவதற்கு | 100 | 100 | – | – | 100 |
| டிரைவர் தங்கல், உணவு | – | – | – | 400 | – |
| டிக்கெட், டாக்சி, ஒருநாள் சுற்றுலா | – | – | 1,440 | 240 | 240 |
| மொத்தம் | 1,575 | 1,570 | 1,440 | 3,140 | 1,370 |
| தலைக்கு | 197 | 196 | 180 | 393 | 171 |

காரும் வேனும் ஒரு யூரோ வித்தியாசத்தில் நிற்கின்றன. ரயில் மலிவு என்ற நம்பிக்கையும் பாதிதான் உண்மை: கார் போகும் இடமெல்லாம் போக வேண்டுமென்றால் எத்னாவுக்கும் மொசைக் வில்லாவுக்கும் சுற்றுலா நிறுவனத்துக்குக் கட்ட வேண்டியிருக்கும், அங்கே சேமிப்பு கரைந்துவிடும்.

## கலவை: எட்டில் ஐந்து குழுக்களுக்காவது இதைத்தான் சொல்லத் தோன்றும்

முதல் மூன்று நாள் பலேர்மோவில் வண்டியே வேண்டாம். பலாரோ சந்தையும் நார்மன் அரண்மனையும் நடை தூரம், மொன்ரேயாலேவுக்கு நகரப் பேருந்து, செஃபாலுவுக்கு ரயில். மோன்தே பெல்லெக்ரீனோ மலைமேல் உள்ள சாந்தா ரொசாலியா குகைக் கோயிலுக்கும் பேருந்து போகும். பலேர்மோவில் குடியேறிய ஈழத்தமிழர்களில் இந்துக்களும் வழிபட ஏறும் மலை அது. இந்த மூன்று நாளும் வாடகை, பார்க்கிங், கேமரா மூன்றும் மிச்சம்.

நான்காம் நாள் காலை, நகரத்தில் வண்டி எடுக்காமல் ரயிலில் விமான நிலையத்துக்கே திரும்பிப் போய் எடுங்கள். ஒரு மணி நேரம் வீணாகிறதே என்று தோன்றும். ஆனால் அந்த விமான நிலையம் நகரத்துக்கு மேற்கே 35 கி.மீ. தள்ளி, ஏ29 சாலையின் மேலேயே இருக்கிறது. வெளியே வந்தால் நேராகச் செஜெஸ்தா, இன்னொரு கிரேக்கக் கோயில் உள்ள இடம். வலப்பக்க ஓட்டம் புதிதாகப் பழகுபவருக்குப் பலேர்மோ நெரிசலில் முதல் கிலோமீட்டர் தொடங்காமல் இருப்பதே பாதி நிம்மதி.

அன்று செஜெஸ்தா, திராப்பனி. எரிச்சேவுக்குக் காரில் ஏறாமல் திராப்பனியிலிருந்து கேபிள் கார்; பலத்த காற்றில் அது நின்றுவிடும் என்பதால் காலையிலேயே விசாரிக்கவும். ஐந்தாம் நாள் செலினுந்தே வழியாக அக்ரிஜெந்தோ. ஆறாம் நாள் அதிகாலையில் கோயில் பள்ளத்தாக்கு, மதியம் பியாத்சா அர்மெரீனா, இரவு மோதிகா. ஏழாம் நாள் நோத்தோ, சிராக்கூசா. எட்டாம் நாள் எத்னா, மாலையில் கத்தானியா விமான நிலையத்தில் வண்டிகளை ஒப்படைப்பு. ஒன்பதாம் நாள் தவோர்மீனாவுக்குப் பேருந்து, அல்லது கத்தானியா மீன் சந்தை. மொத்தம் ஏறக்குறைய 700 கி.மீ., சுங்கச்சாவடியே இல்லாத பாதை.

எத்னா சாம்பல் கக்கினால் கத்தானியா விமான நிலையத்தைச் சில மணி நேரம் மூடிவிடுவார்கள். ரோமிலிருந்து ஏறும் அடுத்த விமானத்தைத் தனி டிக்கெட்டாகப் போட்டிருப்பவர்கள் அங்கே ஒரு இரவு இடைவெளி வைப்பது பாதுகாப்பு.

ஓட்டுநர் இருவரே என்றால் இதே திட்டத்தில் இரண்டு காருக்குப் பதில் ஐந்து நாள் வேன். ஒருவர்கூட இல்லை என்றால் இதே ஐந்து நாளில் இரண்டு நாளுக்கு மட்டும் டிரைவர், மற்றவை ரயில்.

## பதிவு செய்யும்போதும் வண்டி எடுக்கும்போதும்

காப்பீட்டில் இரண்டு வகை. வாடகை நிறுவனத்தின் முழுக் காப்பீடு விலை கூடியது, ஆனால் டெபாசிட் குறையும். வெளி நிறுவனத்தின் காப்பீடு பாதி விலைக்குக் கிடைக்கும். சேதமானால் முதலில் நம் கார்டில் பிடிப்பார்கள், பிறகு நாம் விண்ணப்பித்துத் திரும்பப் பெற வேண்டும், டெபாசிட்டும் முழுதாக முடங்கும். கார்டு வரம்பு சிறியதென்றால் இரண்டாவது வகையைத் தொட வேண்டாம். எந்த வகையிலும் டயர், கண்ணாடி, அடிப்பகுதி, சாவி ஆகியவை சேருமா என்று பாருங்கள். கல் பாவிய தெருவில் முதலில் அடிபடுவது சக்கர விளிம்பும் டயரும்தான்.

வண்டியைச் சுற்றி ஒரே வீடியோ, நான்கு சக்கர விளிம்பு, கூரை, முன்கண்ணாடி, எரிபொருள் முள், கி.மீ. எண் எல்லாம் தெரியும்படி எடுங்கள். கவுன்டர் தாளில் இல்லாத கீறலைக் காட்டி எழுதி வாங்கிய பிறகே நகர வேண்டும். திருப்பித் தரும்போதும் அதேபோல ஒன்று.

எரிபொருள் மூடியில் ‘கசோலியோ’ என்றிருந்தால் டீசல், ‘பென்சீனா’ என்றால் பெட்ரோல். மாற்றிப் போட்டால் எந்தக் காப்பீடும் காப்பாற்றாது. ‘செர்வீத்தோ’ வரிசையில் ஆள் வந்து ஊற்றுவார், லிட்டருக்கு 20 சென்ட் அளவுக்குக் கூடும். ‘ஃபாய் த தே’ வரிசையில் நாமே ஊற்றலாம். சுயசேவை மெஷின் கார்டில் முதலில் 100 யூரோவுக்கு மேல் முடக்கிவிட்டு, ஊற்றிய தொகையை மட்டும் பிறகு எடுக்கும். டெபாசிட் முடங்கிய அதே கார்டை இங்கே நீட்டினால் வரம்பு தாண்டி மறுக்கப்படலாம். எரிபொருளுக்கு வேறொருவரின் கார்டை ஒதுக்கி வையுங்கள்.